‘இல்லூமினேட்’ எனும் சொல்லின் இலத்தீன் வேரைத் தேடுவது எப்படி

ஓர் ஆங்கிலச் சொல் இலத்தீனிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவது எளிது. எந்த இலத்தீன் சொல்லிலிருந்து, அதன் எந்த வடிவத்தின் வழியாக, எந்த நூற்றாண்டில், எந்த மொழியின் கைக்கு மாறி வந்தது என்று சான்றோடு காட்டுவதுதான் கடினம். அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதை ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு இங்கே செய்து காட்டுகிறேன். ஒளியூட்டு, விளங்கவை, தெளிவுபடுத்து எனும் பொருள்களில் ஆங்கிலத்தில் வழங்கும் ‘இல்லூமினேட்’ என்பதே அச்சொல். ஆங்கிலேயர் பேசும்போது ஒரு லகரமே கேட்கும். எழுத்தில் இரண்டு இருக்கும். அந்த இரண்டாவது லகரத்துக்கு ஒரு வரலாறு இருப்பதால், இக்கட்டுரை முழுவதும் எழுத்தைப் பின்பற்றி ‘இல்லூமினேட்’ என்றே எழுதுகிறேன்.

இலத்தீன் படித்திருக்க வேண்டிய தேவையில்லை. இலத்தீன் அகராதியில் ஒரு பதிவை எப்படி வாசிப்பது என்று தெரிந்தால் போதும். அதையும் வழியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கையில் இருக்க வேண்டியவை

ஆங்கிலப் பக்கத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியே முதன்மையானது. 1884இல் முதல் பகுதி வெளிவந்து 1928இல் முதற்பதிப்பு நிறைவுற்ற இந்த அகராதி, ஒவ்வொரு சொல்லும் எழுத்தில் பதிவான மிகப் பழைய சான்றை ஆண்டுடன் எடுத்துக் காட்டுகிறது. சந்தா கட்ட வேண்டும் என்றாலும் பல்கலைக்கழக நூலகங்கள் சிலவற்றின் வழியாகப் பார்க்கலாம். இடைக்கால ஆங்கிலத்துக்கு மிச்சிகன் பல்கலைக்கழகம் தொகுத்த அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இலத்தீனுக்கு லூயிஸ், ஷார்ட் இருவரும் 1879இல் வெளியிட்ட அகராதியை டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் தளத்தில் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். இலத்தீனுக்கும் முந்தைய நிலையைப் பார்க்க மிகீல் டி வான் 2008இல் வெளியிட்ட இலத்தீன் சொற்பிறப்பியல் அகராதி உதவும். டக்ளஸ் ஹார்ப்பர் நடத்தும் எடிம்ஆன்லைன் தளத்தைப் பலரும் அறிவர். அதில் தொடங்கலாம், ஆனால் அதிலேயே நின்றுவிடக் கூடாது. அது பிறர் கண்ட முடிவுகளைச் சுருக்கித் தருவது. முடிவுக்கான சான்றுகளைத் தேடி மூல அகராதிகளுக்குத்தான் போக வேண்டும்.

இந்நூல்களில் சில சொற்களின் தலையில் நட்சத்திரக் குறி இருக்கும். அக்குறி உள்ள சொல் எந்தக் கல்வெட்டிலும் ஏட்டிலும் காணப்பட்டதன்று. உறவு மொழிகளை ஒப்பிட்டு, இப்படி இருந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் மீட்டுருவாக்கியது. இணையத்தில் சொல்லாராய்ச்சி செய்வோரில் பெரும்பாலோர் வழுக்கி விழும் இடம் இதுதான். நட்சத்திரத்தை உதிர்த்துவிட்டு, மீட்டுருவாக்கிய வடிவத்தை யாரோ பேசிக் கேட்டதுபோல எழுதிவிடுகிறார்கள். உங்கள் குறிப்பேட்டில் அக்குறியைத் தவறாமல் இடுங்கள்.

விகுதியிலிருந்து தொடங்குங்கள்

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதிப் பழகியவர்களுக்கு இந்த முறை புதிதன்று. பகுதி, விகுதி, சந்தி, விகாரம் என்று பிரித்த அதே கையால் இலத்தீனையும் பிரிக்கலாம். கடைசியிலிருந்து தொடங்குவது நல்லது. ஏனெனில் விகுதிகள் சில மட்டுமே உள்ளன, அவற்றை எளிதில் இனங்காணலாம்.

‘இல்லூமினேட்’ என்பதன் இறுதியில் நிற்கும் ‘ஏட்’ ஒரு பழைய முத்திரை. இலத்தீன் அகராதியில் வினைச்சொல் தன்மை ஒருமையில் தலைச்சொல்லாக இருக்கும்; எனவே நீங்கள் தேட வேண்டியது ‘இல்லூமினோ’, அதாவது ‘ஒளியூட்டுகிறேன்’. அதையடுத்து வினையின் பிற வடிவங்களை அகராதி சுருக்கமாகக் குறிக்கும்: ‘இல்லூமினாரே’ என்பது ஒளியூட்டல், ‘இல்லூமினாவி’ என்பது ஒளியூட்டினேன், ‘இல்லூமினாட்டும்’ எனும் நான்காம் வடிவத்திலிருந்து ‘ஒளியூட்டப்பட்ட’ எனும் பொருள்படும் ‘இல்லூமினாட்டுஸ்’ கிடைக்கும். ஆங்கில வினைகளில் ‘ஏட்’ என முடிபவை பெரும்பாலும் இந்த நான்காம் வடிவத்தின் வால் தேய்ந்து வந்தவை. அவற்றுள் பல முதலில் பெயரடையாக நுழைந்து பின்னர் வினையாயின. ‘செப்பரேட்’ எனும் சொல் இன்றைக்கும் ‘தனியான’ என்றும் ‘பிரி’ என்றும் இரு வகையாக நிற்பது அதன் எச்சமே. நம் சொல்லும் 15ஆம் நூற்றாண்டில் ‘ஒளி பெற்ற’ எனும் பெயரடையாக வழங்கியது.

இந்த நான்காம் வடிவத்தின் ஆண்பால் பன்மைதான் ‘இல்லூமினாட்டி’. எந்தச் செய்தி வந்தாலும் பின்னால் இவர்கள் கை இருக்கிறது என்று தமிழ் இணையத்தில் கேலியாகவும் சில சமயம் மெய்யாகவும் பேசப்படும் அதே சொல். நேர்ப்பொருள் ‘ஒளியூட்டப்பட்டோர்’ என்பது மட்டுமே. தொடக்கக் காலத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றவர்களை இச்சொல்லால் குறித்தார்கள். பவேரியாவின் இங்கோல்ஸ்டட் நகரில் திருச்சபைச் சட்டப் பேராசிரியராக இருந்த ஆதாம் வைஸ்ஹவுப்ட் 1776 மே 1 அன்று தொடங்கிய இரகசியக் கழகம் பின்னர் இப்பெயரை எடுத்துக்கொண்டது. 1784, 1785 ஆகிய ஆண்டுகளின் அரசாணைகளால் பவேரியாவின் ஆட்சியாளர் கார்ல் தியோடர் இத்தகைய கழகங்களைத் தடை செய்தார். சொல்லாராய்ச்சிக்கு இதற்கு மேல் அவர்களால் பயனில்லை.

முன்னொட்டைப் பிரித்தல்

அடுத்து சொல்லின் முகப்பு. ‘இல்’ என்று தொடங்குவதைக் கண்டதும் தமிழ் வாசகருக்கு ஒரு சபலம் எழும். ‘எல்லே இலக்கம்’ என்று தொல்காப்பிய இடையியல் சொல்கிறது. எல் என்றால் ஒளி. அப்படியானால் ‘இல்லூமினேட்’ என்பதன் தலையில் இருப்பது நம் ‘எல்’ தானே என்று கேட்கத் தோன்றும். கேட்பதில் தவறில்லை, ஆனால் விடையை அகராதியில் தேட வேண்டும், காதில் தேடக் கூடாது.

லூயிஸ்–ஷார்ட் அகராதியில் ‘இல்லூமினோ’ எனும் தலைச்சொல்லுக்குப் பக்கத்தில் ‘இன்ல்’ என்று தொடங்கும் வடிவமும் குறிக்கப்பட்டிருக்கும். அதைத் தவறவிடாதீர்கள், வழக்கே அதில்தான் தீர்கிறது. பழைய எழுத்து வழக்கில் இச்சொல் ‘இன்லூமினோ’. முன்னால் நிற்பது ‘இன்’ எனும் முன்னொட்டு. அதன் னகரம் அடுத்து வந்த லகரத்தோடு இயைந்து தானும் லகரமாகத் திரிந்தது. ‘பொன்’னும் ‘குடம்’மும் சேர்ந்து ‘பொற்குடம்’ ஆகும்போது நன்னூலார் திரிதல் என்று எதைச் சொன்னாரோ அதே வகை விகாரம்தான் இது. இந்தத் திரிபு ஒரு சொல்லோடு நின்றிருந்தால் ஐயப்படலாம். பகரத்துக்கு முன் ‘இம்பாசிபிள்’, ரகரத்துக்கு முன் ‘இர்ரெகுலர்’, லகரத்துக்கு முன் ‘இல்லீகல்’ என்று ஒழுங்காக நடப்பதால் ஐயத்துக்கு இடமில்லை. ‘எல்’ வெளியேறுகிறது.

இன்னும் ஒரு சோதனை பாக்கி. இலத்தீனில் ‘இன்’ இரண்டு உண்டு. ‘இல்லீகல்’ என்பதில் இருப்பது ‘அல்லாத’ எனும் மறுப்பு. ‘இல்லூமினேட்’ என்பதில் இருப்பது ‘உள்ளே, மேலே’ எனும் இடப்பொருள். இரண்டும் ஒரே உருவம், வேறு வேறு பிறப்பு. மறுப்பு ‘இன்’ பெரும்பாலும் பெயரடைகளோடு சேரும். வினையோடு சேர்வது இடப்பொருள் ‘இன்’. ஆக, சொல்லின் நேர்ப்பொருள் ‘ஒன்றின் மேல் ஒளி படச் செய்’ என்பதே.

பகுதியை ஆறாம் வேற்றுமையில் தேடுங்கள்

விகுதியையும் முன்னொட்டையும் நீக்கியபின் ‘லூமின்’ மிஞ்சுகிறது. ஆனால் அகராதியில் ‘லூமின்’ என்று தேடினால் எதுவும் கிடைக்காது. அங்கே இருப்பது ‘லூமென்’. புதிதாகத் தொடங்குவோர் இந்த இடத்தில் திகைத்து நிற்பதுண்டு.

இலத்தீன் அகராதி ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் எழுவாய் வடிவத்தை அடுத்து ஆறாம் வேற்றுமை வடிவத்தையும் தரும். அது அலங்காரத்துக்கு இல்லை. தமிழில் ‘மரம்’ எனும் சொல்லை மட்டும் தெரிந்துகொண்ட அயல்மொழிக்காரர் ‘மரத்தின்’, ‘மரத்தில்’ என்பவற்றைக் கண்டு திணறுவார். ‘மரத்து’ எனும் திரிந்த வடிவம் தெரிந்துவிட்டால் எல்லாம் கைக்குள் வந்துவிடும். இலத்தீனிலும் அப்படித்தான். ‘லூமென், லூமினிஸ்’ என்று அகராதி எழுதியிருக்கும். ‘லூமினிஸ்’ என்பதன் ‘இஸ்’ உருபை எடுத்துவிட்டால் ‘லூமின்’ நிற்கும். ஆங்கிலம் கடன் வாங்கியது எழுவாயிலிருந்து அன்று, இந்தத் திரிந்த பகுதியிலிருந்துதான். ‘லூமினஸ்’, ‘லூமினரி’ எல்லாம் இதன் பிள்ளைகள்.

எகரம் ஏன் இகரமாயிற்று என்ற கேள்விக்கும் ஒழுங்கான விடை உண்டு. சொல்லின் இடையில் அகப்பட்டுக்கொண்ட குறில்கள் பழைய இலத்தீனில் இளைத்து இகரமாயின. ‘நோமென்’ என்றால் பெயர், அதன் ஆறாம் வேற்றுமை ‘நோமினிஸ்’, அதிலிருந்து ‘நாமினேட்’. ‘கிரீமென்’ என்றால் குற்றச்சாட்டு, ‘கிரீமினிஸ்’, அதிலிருந்து ‘கிரிமினல்’. ஒரே அச்சில் வார்த்த மூன்று சொற்கள் கிடைத்தபின், அந்த அச்சை நம்பலாம்.

ஒளி என்று பொருள்படும் இன்னொரு இலத்தீன் சொல் ‘லூக்ஸ்’. அதன் ஆறாம் வேற்றுமை ‘லூகிஸ்’, பகுதி ‘லூக்’. ஆங்கிலத்தில் ககரம் சகர ஒலியாக மாறி ‘லூசிட்’, ‘டிரான்ஸ்லூசென்ட்’, ‘லூசிஃபர்’ எனும் சொற்கள் இதிலிருந்து வந்தன. உங்கள் சொல்லில் மகரம் இருந்தால் லூமென் குடும்பம், சகரம் இருந்தால் லூக்ஸ் குடும்பம் என்று தொடக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ‘லூசிஃபர்’ என்பது ‘ஒளி ஏந்தி’, அதாவது விடிவெள்ளி. கிரேக்க ‘ஃபாஸ்ஃபொரஸ்’ என்பதன் பொருளும் அதுவே.

இலத்தீனுக்கு முன்னால்

லூக்ஸும் லூமெனும் உடன்பிறந்தவை என்றால் லூமெனில் ககரம் எங்கே போயிற்று? இந்தக் கேள்வியைக் கேட்காமல் மேலே போகக் கூடாது. லூமெனின் பழைய வடிவத்தை *லௌக்ஸ்மென் என்று மீட்டுருவாக்குகிறார்கள். மகரத்துக்கு முன் நின்ற ‘க்ஸ்’ கெட்டது. ‘ஔ’ ஒடுங்கி ‘ஊ’ ஆயிற்று. நட்சத்திரம் போட்ட வடிவத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு உறுதியாகப் பேசலாமா என்றால், பக்கத்துவீட்டுச் சான்று ஒன்று இருக்கிறது. நிலவுக்கு இலத்தீனில் ‘லூனா’. அதன் பழைய வடிவம் *லௌக்ஸ்னா என்பார்கள். ரோமுக்குக் கிழக்கே, இன்று பாலெஸ்திரினா எனப்படும் பழைய பிரைனெஸ்டே நகரில் கிடைத்த ஒரு வெண்கலக் கண்ணாடியில் நிலவுத் தெய்வத்தின் உருவத்துக்குப் பக்கத்தில் ‘லோஸ்னா’ என்று பொறித்திருக்கிறது. ரோமில் முற்றிலும் கெட்டுப்போன ஒலிக்கூட்டத்தில் ஸகரம் மட்டும் பக்கத்து ஊரில் தப்பிக் கிடந்தது. ஏட்டில் கணித்த ஒலிமாற்றத்துக்கு உலோகத்தில் சான்று கிடைப்பது அரிது, கிடைத்தால் விடாதீர்கள்.

இந்த லூக்ஸ், லூமென், லூனா எல்லாவற்றுக்கும் அடியில் *லெவ்க் எனும் இந்தோ–ஐரோப்பிய வேர், அதாவது இலத்தீன், கிரேக்கம், ஆங்கிலம், வடமொழி ஆகியவற்றின் பொது மூதாதை மொழியின் வேர், வைக்கப்படுகிறது. கிரேக்கத்தில் வெண்மையைக் குறிக்கும் ‘லெவ்கோஸ்’ அதிலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லான ‘லைட்’ என்பதும் அதே வேர்தான், ஆனால் இலத்தீன் வழியாக வந்ததன்று. இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘லைட்’ இலத்தீனிலிருந்து வந்தது என்று எழுதுவோர் உறவையும் வழித்தோன்றலையும் குழப்புகிறார்கள். ஜெர்மானிய மொழிகளில் பழைய ககரம் தேய்ந்து ஹகரமாயிற்று என்பதை ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் 1822இல் விதியாக எடுத்துரைத்தார். இலத்தீன் ‘கோர்னு’ ஆங்கிலத்தில் ‘ஹார்ன்’. ‘கென்டும்’ அங்கே ‘ஹண்ட்ரட்’. அப்படியே ‘லூக்’ என்பதன் ககரம் பழைய ஆங்கிலத்தில் ‘லேயோஹ்ட்’ என ஹகரமாக ஒலித்தது. பிறகு ஒலி மறைந்து எழுத்து மட்டும் தங்கியது. இன்று ‘லைட்’ என்று எழுதும்போது நடுவில் பேசாமல் நிற்கும் ‘ஜி, எச்’ எனும் இரண்டு எழுத்துகளும் அந்தக் ககரத்தின் எலும்புகள். பள்ளிப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டும்போது திட்டித் தீர்க்கும் அந்த எழுத்துகளுக்கு இப்படி ஒரு வேலை இருக்கிறது.

வடமொழியில் இந்த வேரின் லகரம் ரகரமாகி ‘ருச்’ என நிற்கிறது. ஒளிர் என்பது பொருள். பொன்னைக் குறிக்கும் ‘ருக்ம’, அதிலிருந்து வந்த ‘ருக்மிணி’ எனும் பெயர் இரண்டும் இதன் வழி. ஒளி, அழகு, விருப்பம், நாவின் விருப்பம் என்று பொருள் நகர்ந்து ‘ருசி’ ஆயிற்று. அது தமிழுக்கும் வந்து குழம்பில் உப்புப் பார்க்கும் சொல்லாகிவிட்டது. ஆகவே இல்லூமினேட்டுக்குத் தமிழ்நாட்டில் தூரத்து உறவு தேடினால் ‘எல்’லிடம் போக வேண்டாம், ‘ருசி’யிடம் போகலாம். ‘இலங்கு’ எனும் வினையையும் சிலர் இங்கே இழுத்து வருவர். அது திராவிடச் சொல்லா, வேறு தொடர்புடையதா என்று பார்க்க பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைத் திறக்க வேண்டுமே தவிர, லகரமும் ககரமும் ஒத்துவருகின்றன என்பதை வைத்து முடிவு கட்டக் கூடாது.

வந்த வழியையும் ஆண்டையும் காணுங்கள்

வேர் தெரிந்தாயிற்று, சொல் இங்கிலாந்துக்கு எப்படி வந்தது என்பது தனிக் கேள்வி. இலத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வர இரண்டு பெரும் பாதைகள் உண்டு. ஒன்று, 1066இல் நார்மானியர் வென்றபின் பிரெஞ்சு வழியாக. மற்றொன்று, படித்தவர்கள் ஏட்டிலிருந்து நேரே எடுத்தது. பிரெஞ்சு வழியாக வந்தவை பெரும்பாலும் உருக்குலைந்திருக்கும். நேரே எடுத்தவை இலத்தீன் உருவத்தைக் காப்பாற்றியிருக்கும்.

நம் சொல் இரண்டு பாதைகளிலும் வந்திருக்கிறது, அதுவும் வெவ்வேறு உடைகளில். ‘இன்’ என்பது பிரெஞ்சில் ‘என்’ ஆகும். பழைய பிரெஞ்சு ‘என்லூமினேர்’ 14ஆம் நூற்றாண்டில் ‘என்லூமின்’ என ஆங்கிலமாயிற்று. ஆங்கிலக் கவிஞர் சாசர் தம் கான்டர்பரி கதைகளில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவனின் முன்னுரையில், பெட்ரார்க் எனும் கவிஞர் தம் இனிய சொல்வன்மையால் இத்தாலி முழுவதையும் கவிதையால் ஒளிபெறச் செய்தார் என்று சொல்ல இந்த வடிவத்தைத்தான் ஆள்கிறார். ‘இல்லூமினேட்’ எனும் வினை, இலத்தீன் உடையைக் கலைக்காமல், 1500ஐ ஒட்டி எழுத்தில் வருகிறது. மறுமலர்ச்சிக் காலத்தில் இலத்தீன் கற்றோரின் கை ஓங்கியபோது பிரெஞ்சு உடை அணிந்த அண்ணன் மெல்ல ஒதுங்கிக்கொண்டான்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதில்தான் இந்த வேலையின் சுவையே. கையெழுத்துப் படிகளின் ஓரங்களிலும் முதலெழுத்துகளிலும் பொன்னும் வண்ணமும் தீட்டும் தொழிலைப் பிரெஞ்சில் ‘லூமினேர்’ என்றார்கள். ஏடு ஒளிர்கிறது அல்லவா. அது ஆங்கிலத்தில் ‘லூமினென்’ ஆகி, வாய்வழங்கித் தேய்ந்து ‘லிம்ன்’ ஆயிற்று. எழுத்தில் மகரத்தோடு னகரமும் உண்டு. பேச்சில் ‘லிம்’ மட்டும்தான். பின்னர் அது சிற்றோவியம் வரைவதையும் குறித்தது. முதலாம் எலிசபெத் அரசியின் சிற்றோவியரான நிக்கோலஸ் ஹில்யார்டு தம்மை லிம்னர் என்றே சொல்லிக்கொண்டவர். பேசாமல் நிற்கும் அந்த னகரம் ‘லூமின்’ என்பதன் னகரமேதான். வேரை அறியாதவருக்கு ‘லிம்ன்’, ‘இல்லூமினேட்’ இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தோன்றவே தோன்றாது.

பொருள் நகர்ந்ததைத் தனியே எழுதுங்கள்

ஒலியைத் தொடர்ந்ததுபோலவே பொருளையும் தொடர வேண்டும். இலத்தீனில் ‘லூமென்’ வெறும் ஒளி மட்டுமன்று. விளக்கு, கண், சுவரில் ஒளி வரும் திறப்பு, சாளரம் எல்லாம் அதுவே. அண்டை வீட்டுக்காரர் உயரக் கட்டி ஒளியை மறைக்கக் கூடாது எனும் உரிமையை ரோமச் சட்டம் இச்சொல்லைப் பன்மையில் வைத்தே எழுதியது. திறப்பு எனும் அப்பொருளிலிருந்து மருத்துவர்கள் இரத்தக் குழாயின் உட்புழையை ‘லூமென்’ என்கிறார்கள். அங்கே ஒளி ஏதுமில்லை. 1894இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஆந்த்ரே ப்ளோண்டெல் ஒளிப்பாய்வின் அலகுக்கு இப்பெயரை முன்மொழிந்தார். இன்று எல்இடி பல்பு வாங்கும்போது அட்டைப்பெட்டியில் வாட் எண்ணுக்குப் பக்கத்தில் அதைப் பார்க்கலாம். 9 வாட் பல்பில் பொதுவாக 800 முதல் 900 லூமென் வரை போட்டிருக்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் விழுந்தால் அது ஒரு ‘லக்ஸ்’. உடன்பிறந்த இரு சொற்களும் அலகு அட்டவணையில் மறுபடியும் சேர்ந்துகொண்டன.

வினைக்கும் இதே கவனம் தேவை. ரோமச் சொற்பொழிவாளர் சிசரோவின் எழுத்தில் ‘இல்லூமினாரே’ கண்ணால் காணும் ஒளியைக் குறிப்பதுண்டு. சூரியனால் ஒளியூட்டப்பட்ட நிலவைப் பற்றி அவர் இச்சொல்லால் பேசுகிறார். மனத்துக்கு ஒளியூட்டல் எனும் பொருள் ஐரோப்பா முழுவதும் பரவியதற்கு இலத்தீன் விவிலியம் பெருங்காரணம். அதில் ஒரு சங்கீதம் ‘தோமினுஸ் இல்லூமினாட்டியோ மேயா’ என்று தொடங்குகிறது. தமிழ் வேதாகமத்தில் ‘கர்த்தர் என் வெளிச்சமும் என் இரட்சிப்புமானவர்’ என்று தேவாலயங்களில் வாசிக்கப்படும் வரி அதுவே. தமிழிலும் ஆங்கிலத்திலும் அது 27ஆம் சங்கீதம். பழைய இலத்தீன் எண்வரிசையில் 26. சரிபார்க்கும்போது இந்த ஓர் எண் வேறுபாட்டில் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். அந்த மூன்று சொற்களும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இலச்சினையில் உள்ளன. ஆங்கிலத்தின் பேரகராதியை வெளியிடும் நிறுவனத்தின் முத்திரையிலேயே நம் சொல்லின் தங்கை இருக்கிறாள்.

போலி உறவினரை விலக்குதல்

இவ்வளவும் செய்தபின், ஒத்த தோற்றமுள்ள சொற்களை வரிசையாக எழுதி ஒவ்வொன்றையும் சோதியுங்கள். இந்தப் படியை விட்டுவிடுபவர்களின் முடிவுகளை நான் நம்புவதில்லை.

மிகக் கடுமையான சோதனை ‘அலுமினியம்’. பளபளப்பான உலோகம், பெயருக்குள் ‘லுமின்’ அப்படியே இருக்கிறது, பொருளும் ஒத்துவருவதுபோல் தோன்றுகிறது. ஆனால் அது ‘அலூமென், அலூமினிஸ்’ எனும் சொல்லின் வழி. பொருள் படிகாரம், சவரக் கடையில் வெட்டுக் காயத்தில் தடவுவார்களே அதுதான். படிகாரத்திலுள்ள உலோகத்துக்கு ஹம்ஃப்ரி டேவி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை வைத்துப் பெயரிட்டார். எகரம் இகரமாகும் அதே விதியை இச்சொல்லும் பின்பற்றுவதால் பகுதிச் சோதனையில் இது தேறிவிடும். முன்னே நிற்கும் அகரத்துக்குக் கணக்குச் சொல்ல முடியாமல்தான் பிடிபடும். ஒரு சொல்லின் ஒவ்வோர் எழுத்துக்கும் கணக்குக் கேட்க வேண்டும் என்பது இதனால்தான். கல்லூரிகளில் பழைய மாணவர் சங்கத்துக்கு வழங்கும் ‘அலும்னி’யும் அப்படியே, அது ‘அலேரே’, அதாவது ஊட்டி வளர் எனும் வினையிலிருந்து வந்தது. ‘இல்லூஷன்’ என்பதில் ‘இல்லூ’ முழுவதும் ஒத்திருந்தாலும், அதன் பகுதி விளையாடு எனப் பொருள்படும் ‘லூதேரே’.

‘டிலைட்’ இன்னும் நயமான மோசடி. மகிழ்ச்சியைக் குறிக்கும் இச்சொல் இலத்தீன் ‘தேலெக்தாரே’ என்பதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் நடுவே ‘ஜி, எச்’ இல்லாமல்தான் எழுதினார்கள். 16ஆம் நூற்றாண்டில், ஓசை ஒத்த ‘லைட்’ என்பதைப் பார்த்து யாரோ அந்த இரண்டு எழுத்துகளைச் செருக, அப்படியே நிலைத்துவிட்டது. முன்பு ‘லைட்’ என்பதில் அவை பழைய ககரத்தின் எலும்புகள் என்றோம். இங்கே அவை வெறும் வேடம். முதல் சான்றின் எழுத்தைப் பார்க்காமல் இன்றைய எழுத்தை மட்டும் பார்ப்பவர் இதில் கண்டிப்பாக ஏமாறுவார்.

‘லக்சுரி’யும் லூக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்ததன்று, மிகை, ஆடம்பரம் எனும் பொருளுடைய ‘லுக்ஸுஸ்’ அதன் தாய். இவ்விரண்டையும் வேண்டுமென்றே கலந்தவர்கள் வணிகர்கள். லீவர் நிறுவனம் ‘சன்லைட்’ பெயரில் விற்ற சோப்புச் சீவலுக்கு 1900இல் ‘லக்ஸ்’ எனப் பெயர் மாற்றியது. ஒளியும் ஆடம்பரமும் ஒரே உறையில் கிடைத்தன. விற்பனைக்கு அது கெட்டிக்காரத்தனம், அகராதிக்கு ஆகாது.

கண்டதைப் பதிவு செய்யும் முறை

முடிவில் ஒரு சிறு பதிவாக எழுதி வையுங்கள். பிறர் சரிபார்க்கவும், பிறகு நீங்களே திருத்தவும் உதவும். இச்சொல்லுக்கான பதிவு ஏறத்தாழ இவ்வாறு அமையும்: ‘இல்லூமினேட், வினை. 1500ஐ ஒட்டி. இலத்தீன் இல்லூமினாட்டுஸ், இல்லூமினாரே என்பதன் நான்காம் வடிவம். இன் (மேல், உள்) + லூமென், லூமினிஸ் (ஒளி). லூமென், பழைய வடிவம் *லௌக்ஸ்மென், வேர் *லெவ்க். முந்தைய பிரெஞ்சு வழி வடிவம் என்லூமின், 14ஆம் நூற்றாண்டு. உறவு: லிம்ன், லூமினரி, லூசிட், லூனா; ஜெர்மானிய வழியில் லைட்; வடமொழியில் ருச். உறவன்று: அலுமினியம், அலும்னி, இல்லூஷன், டிலைட், லக்சுரி.’ உறவல்லாதவற்றையும் எழுதுவது வீண் வேலையன்று. அடுத்து வருபவர் அதே பள்ளத்தில் விழாமல் இருப்பார்.

முறை கைவந்ததா என்று பார்க்க ‘பெல்லூசிட்’ எனும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஊடுருவித் தெரியும் அளவுக்குத் தெளிந்தது என்பது பொருள். சகரம் இருப்பதால் லூக்ஸ் குடும்பம் என்று உடனே தெரிந்துவிடும். முகப்பிலுள்ள ‘பெல்’ தான் சிக்கல். லூயிஸ்–ஷார்ட் அகராதியில் அந்த எழுத்துவரிசையில் தேடினால் வேறோர் இடத்துக்குப் போகச் சொல்லும். ‘பெர்’ என்று தொடங்கும் வரிசைக்குப் போனால், ஊடாக எனும் பொருளுடைய முன்னொட்டு, ரகரம் லகரமாகத் திரியாத பழைய உருவில் ‘பெர்லூகிதுஸ்’ என்று அங்கே இருக்கும்.